அப்பா ரோஷா... பிள்ளை லார்சன்!

ஹென்ரிக் லார்சனின் அப்பா பெயர் லார்சன் இல்லை. பிரான்சிஸ்கோ ரோஷா. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, அட்லான்டிக் கடலுக்குள் கிடக்கும் கேப் வெர்டி தீவுகளைச் சேர்ந்த கப்பல் தொழிலாளி. கடல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடம், ஸ்வீடனின் தென்பகுதியில் இருக்கும் ஹெல்சிங்போர்க் என்ற துறைமுக நகரம். அங்கே தொழிற்சாலையில் வேலை பார்த்த ஈவா லார்சனோடு வாழ்க்கை அமைந்தது. 1971 செப்டம்பர் 20-ல் ஹென்ரிக் பிறந்தான்.

பிள்ளைக்கு யாருடைய குடும்பப் பெயரை வைப்பது? அப்பாவும் அம்மாவும் யோசித்தார்கள். 'ரோஷா' என்று எழுதினால் இந்த ஊரில் பிள்ளையை அந்நியனாகப் பார்ப்பார்கள். 'லார்சன்' என்றால் ஊரோடு சேர்த்துக்கொள்வார்கள். அம்மாவின் பெயரே நிலைத்தது. தன் பெயரைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்த அந்த மாலுமியின் மனதில் அன்றைக்கு என்ன இருந்திருக்கும் என்பது யாருக்குத் தெரியும்!

பெயரை மாற்றலாம், நிறத்தை என்ன செய்வது? சுருட்டை முடியும் மாநிறமுமாக இருந்த பையனைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பெரியவனான பிறகு அதைப் பற்றி லார்சன் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். 12 வயதில் பெற்றோரும் பிரிந்தார்கள். இதற்கெல்லாம் நடுவில் அவனிடம் நிலையாக இருந்தது ஒரு பந்து. 6 வயதிலேயே உள்ளூர் கிளப்பான ஹோகபோர்கில் சேர்ந்துவிட்டான்.

பெரிய ஸ்ட்ரைக்கர்களின் கதை இதற்கப்புறம் வேகமெடுக்கும். 16 வயதில் பெரிய கிளப், 18 வயதில் தேசிய அணி என்று போகும். லார்சனுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. 20 வயதிலும் அதே சின்ன கிளப்பில்தான் ஆடிக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, சுமாரான உயரம். கால்பந்து சோறு போடும் என்று நம்ப முடியாத நிலை. பகலில் பழங்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை, மாலையில் பயிற்சி. ஐரோப்பாவின் தங்கக் காலணியைப் பின்னாளில் கையில் வாங்கிய மனிதர், 20 வயதில் அட்டைப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

1992-ல் ஊரின் பெரிய கிளப்பான ஹெல்சிங்போர்க் ஐ.எஃப். அவரை அழைத்தது. பெரிய கிளப் என்பதும் பேச்சுக்குத்தான். 1968-க்குப் பிறகு முதல் டிவிஷன் பக்கமே போக முடியாமல் 24 வருடங்களாக இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் உழன்றுகொண்டிருந்த கிளப் அது. வந்த முதல் வருடமே 31 ஆட்டங்களில் 34 கோல். கிளப் மேலே ஏறிவிட்டது. இந்த '24 வருடம்' என்ற கணக்கை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு ஒரு மாதிரி திரும்பி வரும்.

அடுத்த வருடமே நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அழைத்துக்கொண்டது. அங்கே நான்கு சீசன், இரண்டு நெதர்லாந்து கோப்பைகள். ஆனால், அவ்வளவு மகிழ்ச்சியான காலம் என்று சொல்ல முடியாது. இடம் மாற்றி மாற்றி ஆடவைத்தார்கள், ஆட்டத்தின் பாதியில் வெளியே அழைத்தார்கள். கடைசியில் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதியை வைத்துச் சண்டை போட்டுத்தான் வெளியேற வேண்டியிருந்தது.

நடுவில் 1994 உலகக் கோப்பை வந்தது. ஸ்வீடன் அணியில் 22 வயது லார்சனுக்குப் பெரும்பாலும் பெஞ்சுதான். கால் இறுதியில் ருமேனியாவோடு 2-2. பெனால்ட்டி ஷூட் அவுட்டில் ஐந்தைந்து உதைகளும் முடிந்து அப்போதும் சமம். ஆறாவது உதைக்கு அந்தச் சின்னப் பையன் நடந்து வந்தான். கோல்! அடுத்த ருமேனிய உதையை கோல்கீப்பர் தாமஸ் ரவெல்லி தடுத்துவிட, ஸ்வீடன் அரை இறுதிக்குப் போனது. பிரேசிலிடம் தோற்று, பிறகு பல்கேரியாவை 4-0 என வென்று மூன்றாம் இடம். அந்த நான்கில் ஒன்று லார்சனுடையது. ஸ்வீடனில் அந்தக் கோடையைப் பற்றி இன்றைக்கும் பேசுவார்கள்.

1997-ல் 26-வது வயதை நெருங்கும்போது ஸ்காட்லாந்தின் செல்டிக் கிளப்புக்கு வந்தார். விலை 6,50,000 பவுண்டு. அப்போதைய சந்தையில் அது பெரிய தொகையே அல்ல. புதிய பயிற்சியாளர் விம் யான்சன் நெதர்லாந்துக்காரர், லார்சனை ஏற்கெனவே நன்றாக அறிந்தவர்.

முதல் ஆட்டம் எடின்பரோவில், ஹிபர்னியனுக்கு எதிராக. சப்ஸ்டிட்யூட்டாக இறங்கிய லார்சன், பந்தைத் தன் ஆளுக்குத் தட்டுவதாக நினைத்து நேராக எதிரணி வீரர் காலிலேயே கொடுத்துவிட்டார். அவர் அதை வாங்கிய வேகத்தில் கோல் அடிக்க, செல்டிக் 2-1 எனத் தோற்றது. அடுத்த சில வாரங்களில் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் அணியோடு ஐரோப்பிய ஆட்டம். இந்த முறை லார்சன் கோல் அடித்தார், ஆனால் சொந்த வலைக்குள்! நல்லவேளையாக அன்றைக்கு செல்டிக் 6-3 என்று வென்றுவிட்டது. 'இந்தப் பழப்பெட்டிக்காரரையா காசு கொடுத்து வாங்கினோம்' என்று கிளாஸ்கோவில் யாராவது தலையில் அடித்துக்கொண்டிருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அந்த சீசனின் அழுத்தம் என்னவென்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். கிளாஸ்கோ நகரம் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒரு பாதி செல்டிக்கின் பச்சை, மறு பாதி ரேஞ்சர்ஸின் நீலம். குடும்பம், மதம், தெரு என்று எல்லாவற்றுக்குள்ளும் ஓடும் பிரிவு அது. ரேஞ்சர்ஸ் தொடர்ந்து ஒன்பது முறை லீக்கை வென்றிருந்தது. செல்டிக் ஒரு காலத்தில் படைத்த சாதனையும் ஒன்பதுதான். பத்தாவதும் போய்விட்டால் பச்சைச் சட்டைக்காரர்கள் ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

முடிவு கடைசி நாள் வரை போனது. 1998 மே 9, செயின்ட் ஜான்ஸ்டனுக்கு எதிரான ஆட்டம். மூன்றாவது நிமிடம், இடப்பக்கமிருந்து உள்ளே வெட்டிவந்த லார்சன் தூரத்திலிருந்தே வளைத்து அடித்தார். பிறகு ஹரால்ட் பிராட்பக் ஒன்று அடிக்க, 2-0. பத்து வருடங்களுக்குப் பிறகு செல்டிக்குக்கு லீக் பட்டம். நீண்ட ஜடாமுடியோடு, நாக்கை வெளியே நீட்டியபடி, கைகளை விரித்துக்கொண்டு ஓடும் அந்த உருவத்தைத் தெருப் பிள்ளைகள் காப்பியடிக்க ஆரம்பித்தார்கள்.

இனி எல்லாம் ஏறுமுகம் என்று நினைத்த நேரத்தில்தான் அந்த ராத்திரி வந்தது.

1999 அக்டோபர் 21. பிரான்ஸின் லியோன் நகரம், யு.இ.எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. எதிரணி வீரரிடமிருந்து பந்தைப் பறிக்க லார்சன் ஓடினார். இரண்டு பேரும் மோதினார்கள். எழுந்தபோது லார்சனின் இடது காலின் கீழ்ப்பகுதி முழங்காலோடு சேர்ந்து வரவில்லை. இரண்டு இடங்களில் எலும்பு முறிவு. டி.வி-யில் அதை ஒரு முறை பார்த்தவர்கள் இரண்டாவது முறை பார்க்க விரும்ப மாட்டார்கள். வேகமும் துள்ளலுமே மூலதனமாக இருக்கும் ஒரு ஸ்ட்ரைக்கருக்கு 28 வயதில் கால் இப்படி உடைந்தால், அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஏழு மாதங்கள் ஆயின. சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில் சப்ஸ்டிட்யூட்டாகக் கொஞ்ச நேரம் இறங்கினார். அடுத்த மாதமே யூரோ 2000-ல் ஸ்வீடனுக்காக, அதுவும் இத்தாலிக்கு எதிராக ஒரு கோல். கால் பழைய காலாகிவிட்டது என்று காட்ட அதைவிடக் கடினமான இடம் வேறு இல்லை. இத்தாலிய டிஃபென்ஸ் அப்போது கோட்டைச் சுவர்.

பிறகு 2000-01 சீசன். ஜடாமுடி போய் மொட்டைத்தலை வந்திருந்தது. புதிய பயிற்சியாளர் மார்ட்டின் ஓ'நீல். முதல் மாதமே ரேஞ்சர்ஸுடன் ஆட்டம். ஒரு டிஃபெண்டரின் கால்களுக்கு நடுவில் பந்தைத் தட்டி, ஓடிப்போய் அதை எடுத்து, வெளியே வந்த கோல்கீப்பரின் தலைக்கு மேலே மெதுவாகத் தூக்கிப் போட்டார். ஓங்கி அடிக்க வேண்டிய இடத்தில் யாரோ பூவை எறிந்ததுபோல இருந்தது. அன்றைக்கு 6-2. அந்த கோலைச் சொல்லாமல் கிளாஸ்கோவில் லார்சனைப் பற்றிய எந்தப் பேச்சும் முடியாது.

சீசன் முடிவில் 50 ஆட்டங்களில் 53 கோல்கள். லீக், இரண்டு கோப்பைகள் என்று ஸ்காட்லாந்தின் மூன்று பட்டங்களும் செல்டிக்குக்கு. ஐரோப்பாவிலேயே அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியும் அவருக்குத்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஸ்காட்லாந்து லீக் கொஞ்சம் எளிது என்பதால் அங்கே அடிக்கும் கோலுக்கு ஒன்றரைப் புள்ளி, இத்தாலி போன்ற லீக்குகளில் அடித்தால் இரண்டு புள்ளி. லார்சனின் 35 லீக் கோல்களுக்கு 52.5. லாசியோவின் எர்னான் கிரெஸ்போ அடித்த 26 கோல்களுக்கு 52. அரைப் புள்ளியில் தங்கம்!

'ஸ்காட்லாந்தில் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்' என்று சொல்பவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் வேண்டுமென்றால் செவில் நகரத்துக்குப் போக வேண்டும்.

2003 யு.இ.எஃப்.ஏ. கோப்பை. அந்த வருடம் பிப்ரவரியில் லார்சனுக்குத் தாடை உடைந்தது. அதிலிருந்து திரும்பி வந்து, போவிஸ்டாவுக்கு எதிரான அரை இறுதியின் முதல் ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார், ஒரு பெனால்ட்டியைத் தவறவிட்டார். 1-1. போர்ச்சுகலில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் முடிய 10 நிமிடங்கள் இருக்கும்போது அவர் கோல்தான் செல்டிக்கை இறுதிக்குக் கொண்டுபோனது. தவறவிட்டவரே கடனை அடைத்துவிட்டார்.

மே 21, செவில். ஸ்பெயினின் கொதிக்கிற வெயிலில் சுமார் 80,000 செல்டிக் ரசிகர்கள் அந்த ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் கையில் டிக்கெட்டே கிடையாது. ஊரில் இருந்தால் போதும் என்று வந்தவர்கள். எதிரே போர்ட்டோ. அதன் பயிற்சியாளர், அதுவரை வெளியுலகம் அதிகம் அறியாத ஜோஸே மொரின்யோ.

இடைவேளைக்குச் சற்று முன் போர்ட்டோ அடித்தது. இடைவேளை முடிந்து வந்ததுமே வலப்பக்கமிருந்து உயரமாக ஒரு கிராஸ். பின்னங்காலில் சாய்ந்தபடி எகிறிய லார்சன், கழுத்தை மட்டும் திருப்பிப் பந்தைத் தூரத்து மூலைக்கு அனுப்பினார். செல்டிக்குக்காக அது அவருடைய 200-வது கோல். போர்ட்டோ மறுபடி முன்னேறியது. மூன்றே நிமிடங்களில் கார்னரிலிருந்து இன்னொரு ஹெட்டர், 2-2. கூட்டத்தில் தன்னைவிட உயரமான டிஃபெண்டர்களுக்கு நடுவே அவர் எப்படி அவ்வளவு மேலே போனார், எப்படி அங்கேயே ஒரு கணம் நின்றார் என்பதை ஸ்லோமோஷனில் பார்த்தாலும் சரியாகச் சொல்ல முடியாது. உயரம் 5 அடி 10 அங்குலம்தான்.

கூடுதல் நேரத்தில், பத்துப் பேராகிவிட்ட செல்டிக் மீது டெர்லே மூன்றாவது கோலை அடித்தார். 3-2. இரண்டு முறை தூக்கி நிறுத்தியும் சரிந்துவிட்டது. ஐரோப்பிய இறுதிப் போட்டியில் இரண்டு கோல் அடித்துவிட்டு வெறுங்கையோடு விமானம் ஏறியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! அடுத்த வருடமே போர்ட்டோ சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றபோதுதான், அன்றைக்கு செல்டிக் யாரோடு மல்லுக்கு நின்றது என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

2004 மே மாதம், சொந்த மைதானத்தில் கடைசி லீக் ஆட்டம். இரண்டு கோல் அடித்தார், அழுதார். அவரோடு அரங்கமே அழுதது. ஒரு வாரத்தில் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி, அதிலும் இரண்டு கோல், கோப்பை. மொத்தம் ஏழு சீசன், 242 கோல். 'ராஜாதி ராஜா' என்று அவரைக் கூப்பிட்ட ரசிகர்கள், அந்தப் பட்டத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

தேசிய அணிக்கு அவர் ஏற்கெனவே விடை சொல்லியிருந்தார். 2002 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா, இங்கிலாந்து, நைஜீரியா இருந்த பிரிவில் ஸ்வீடன் முதலிடம் பிடித்தது. நைஜீரியாவை வென்ற இரண்டு கோல்களும் லார்சனுடையவை. ஆனால், அடுத்த சுற்றில் செனகல் கோல்டன் கோலில் வெளியேற்றிவிட்டது. போதும், இனி குடும்பம் என்று முடிவெடுத்தார்.

ஸ்வீடன் விடவில்லை. யூரோ 2004 நெருங்கியபோது 'திரும்பி வா' என்று 1,10,000-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் தலைவராக இருந்த லென்னார்ட் யோஹான்சனே பேசிப்பார்த்தார். வீட்டிலோ 6 வயது மகன் ஜோர்டன் நச்சரித்துக்கொண்டிருந்தான். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் மேலிருந்த பிரியத்தில் வைத்த பெயர். லட்சம் பேரையும் தலைவரையும் ஒருவேளை சமாளித்திருக்கலாம். பிள்ளையை எப்படிச் சமாளிப்பது? போனார்.

பல்கேரியாவுக்கு எதிரான முதல் ஆட்டத்தில், இடப்பக்கமிருந்து எரிக் எட்மன் அனுப்பிய கிராஸை நோக்கித் தரையோடு தரையாகப் பாய்ந்து தலையால் முட்டிய கோல், அந்தத் தொடரின் மிக அழகான கோல்களில் ஒன்று. கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவருக்கும் கைமேல் பலன்.

அதே வருடம் பார்சிலோனாவுக்குப் போனார். 32 வயதில்! நவம்பரில் ரியல் மாட்ரிட்டோடு ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. மறுபடியும் அதே இடது கால். 33 வயதில் முழங்கால் போனவரை வேறு கிளப்பாக இருந்தால் மரியாதையாகக் கைகுலுக்கி அனுப்பியிருக்கும். அவர் சத்தமில்லாமல் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த சீசனில் திரும்பினார். அணியில் ரொனால்டினியோ, எட்டோ என்று நட்சத்திரங்கள். லார்சனுக்கு மீண்டும் பெஞ்ச். ஆனால், லார்சன்தான் தன் ஆதர்சம் என்று ரொனால்டினியோவே வெளிப்படையாகச் சொன்னார்.

2006 மே 17, பாரிஸ். சாம்பியன்ஸ் லீக் இறுதி, மழை. ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போயும், பத்துப் பேரோடு அந்த அணி 1-0 என முன்னிலை. 61-வது நிமிடம் லார்சன் இறங்கினார். 76-வது நிமிடம், தன்னிடம் வந்த பந்தை நிறுத்தக்கூட இல்லை. ஒரு சின்ன தொடுகை, பந்து எட்டோவின் ஓட்டத்துக்கு முன்னால் விழுந்தது. கோல். 81-வது நிமிடம், வலப்பக்கத்தில் பெல்லெட்டிக்கு இன்னொரு பாஸ். பார்சிலோனாவுக்காக பெல்லெட்டி அடித்த ஒரே கோல் அது. 2-1. அந்த கிளப்புக்கு 1992-க்குப் பிறகு ஐரோப்பியக் கோப்பை.

தோற்ற ஆர்சனலின் தியெரி ஹென்றி ஆத்திரத்தோடு மைக் முன்னால் நின்றார். எல்லோரும் ரொனால்டினியோ, எட்டோ என்கிறீர்கள், இன்றைக்கு அவர்களை நான் பார்க்கவே இல்லை, ஆட்டத்தை மாற்றியவர் லார்சன், அவரைப் பற்றிப் பேசுங்கள் என்கிற பொருளில் பொரிந்து தள்ளினார். எதிரியின் வாயிலிருந்து, அதுவும் தோற்ற கோபத்தில் வரும் பாராட்டில் கலப்படம் இருக்காது. செவிலில் இரண்டு கோல் அடித்தும் கிடைக்காதது, பாரிஸில் ஒன்றுகூட அடிக்காமல் கிடைத்தது.

பார்சிலோனா இன்னும் ஒரு வருடம் இருக்கச் சொன்னது. லார்சன் மறுத்தார். கடைசிக் காலத்தில் சொந்த ஊர் அணிக்குத் திரும்புவது என்று முன்பே தீர்மானித்திருந்தார். ஐரோப்பாவின் சாம்பியன், ஹெல்சிங்போர்க் சட்டையைப் போட்டுக்கொண்டு சின்னச் சின்ன மைதானங்களில் ஓடினார். வந்த வருடமே ஸ்வீடன் கோப்பை வந்தது. ஆசைக்கு ஊர் அணிக்காக ஃப்ளோர்பாலும் ஆடிப்பார்த்தார்!

ஸ்வீடனில் குளிர்காலத்தில் லீக் கிடையாது. அந்த இடைவெளியில், 2007 ஜனவரி முதல் மார்ச் வரை மான்செஸ்டர் யுனைடெட் கடனாக வாங்கிக்கொண்டது. 13 ஆட்டங்கள், மூன்று கோல்கள். எண்ணிக்கையில் ஒன்றுமில்லை. ஆனால், அவர் கடைசி ஆட்டம் முடிந்து உடைமாற்றும் அறைக்குள் நுழைந்தபோது எல்லா வீரர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று அலெக்ஸ் ஃபெர்குசன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ரொனால்டோவும் ரூனியும் இருந்த அறை அது. இன்னும் கொஞ்ச நாள் இருங்கள் என்று கிளப் கேட்டது. ஊருக்குத் திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்று கிளம்பிவிட்டார். லீக் பதக்கத்துக்கு 10 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும். 7 மட்டுமே ஆடிய அவருக்கு விதிவிலக்காகப் பதக்கம் கொடுத்தார்கள்.

2009-ல் 38 வயதில் காலணியைக் கழற்றினார். ஸ்வீடனுக்காக 106 ஆட்டங்கள், 37 கோல்கள். ஆடிய மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் உண்டு. ஹெல்சிங்போர்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். ரோஷா என்ற பெயரைக் கேட்டால் முகம் சுளிக்குமோ என்று ஒரு தகப்பன் பயந்த அதே ஊரில்!

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2015-ல் ஹெல்சிங்போர்கின் பயிற்சியாளரானார். மகன் ஜோர்டனும் அதே அணியின் ஸ்ட்ரைக்கர். 2016 சீசன் மோசமாகப் போனது. முதல் டிவிஷனில் தங்க வேண்டுமானால் ஹால்ம்ஸ்டாட் அணியோடு இரண்டு ஆட்டங்களில் ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் 1-1. நவம்பர் 20, சொந்த மைதானத்தில் இரண்டாவது ஆட்டம். 82-வது நிமிடம் ஜோர்டன் கோல் அடித்தான். 19 வயதுப் பையன் ஊரைக் காப்பாற்றிவிட்டான் என்றே தோன்றியது. 87-வது நிமிடம் எதிரணி சமன் செய்தது. கூடுதல் நிமிடத்தில் இன்னொன்று. 1-2. முடிந்தது.

1992-ல் 24 வருடக் காத்திருப்பை முடித்துவைத்து கிளப்பை மேலே ஏற்றியவர் லார்சன். சரியாக 24 சீசன்கள் அங்கே இருந்துவிட்டு, அவர் பயிற்சியாளராக இருக்கும்போதே கீழே இறங்கியது.

விசில் ஊதியதும் முகமூடி அணிந்த சிலர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். சொந்த அணியின் ரசிகர்கள்தான். அன்றைக்கு கோல் அடித்த ஒரே பையனைச் சூழ்ந்துகொண்டு, இந்தச் சட்டையைப் போட உனக்குத் தகுதியில்லை என்பதுபோல அவன் உடம்பிலிருந்து அதை உருவ முயன்றார்கள். அப்பாவுக்குச் சிலை வைத்த ஊர். லார்சன் என்ற பெயர் இருந்தால் ஊர் அணைத்துக்கொள்ளும் என்று தாத்தா பாட்டி கணக்குப் போட்ட ஊர். ஜோர்டன் சட்டையைக் கழற்றி அவர்கள் பக்கம் எறிந்துவிட்டுப் போனான். சில நாட்களில் அப்பாவும் பொறுப்பிலிருந்து விலகினார்.

இதற்குப் பிறகு அந்த கிளப் பக்கமே ஒருவர் தலைவைத்துப் படுக்க மாட்டார். ஆனால், 2019 ஜூனில் மறுபடி அழைப்பு வந்தபோது லார்சன் போனார். ஏன் போனார் என்று பகுத்தறிவோடு விளக்க முடியாது. ஊர் என்றால் அப்படித்தான் போலிருக்கிறது. கேலரியிலிருந்து மறுபடியும் வசவு, தனிப்பட்ட தாக்குதல். ஆகஸ்ட் மாதமே, இதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது என்று விலகிவிட்டார்.

அடுத்த வருடம் பழைய நண்பர் ஒருவர் கூப்பிட்டார். ஃபெயனூர்டில் ஒன்றாக ஆடிய ரொனால்ட் கூமன். பார்சிலோனாவின் புதிய பயிற்சியாளராகியிருந்த அவருக்குத் துணைப் பயிற்சியாளர் வேண்டும். லார்சன் மூட்டையைக் கட்டினார். 2004-ல் அவர் அங்கே போன புதிதில் முதல் லீக் ஆட்டம் ஆடிய 17 வயது மெஸ்ஸி, இப்போது அணியின் கேப்டன். கொரோனா காலம். கேம்ப் நூ அரங்கில் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. கிட்டத்தட்ட ஒரு லட்சம் நாற்காலிகளும் காலி. கைதட்டவும் ஆளில்லை, வசைபாடவும் ஆளில்லை. பந்தை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்கும் அந்த மைதானத்தின் ஓரத்தில், மாஸ்க்கை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஹென்ரிக் லார்சன் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.